நேராக ஓட இடப்பக்கம் பிடிக்க வேண்டிய கார்

"என்னையும் கொஞ்சம் ஏத்திக்கொண்டு போறியளோ?" என்று ஒருவரிடம் கேட்பது எனக்கு ஏலாத காரியம். கேட்க வேண்டிய சொற்களை வீட்டுக்குள் வைத்துப் பலமுறை சொல்லிப் பார்ப்பேன். அடுத்தவர் வீட்டு வாசல் படலைக்கு வந்ததும் அவை தொண்டைக்குள் இறங்கிவிடும். ஒருமுறை மாரி மழைக்குள், நான் தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டைகளை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர்காவற்றுறைச் சந்தி வரைக்கும் நடந்தேன். மூன்று வாகனங்கள் என்னைக் கடந்தன. மூன்றும் தெரிந்தவர்களுடையவை. மூவரும் நிறுத்தி, "ஏறுங்கோ" என்றார்கள். நான் மூவரிடமும், "இல்லை, காலாற நடக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவதாக நிறுத்தியவர் என் செருப்புக்கு மேலே ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவையும் சொல்வது, நான் ஏன் நாற்பத்தெட்டு வயதில் கார் ஓடப் பழகினேன் என்பது விளங்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் வீட்டில் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் நிற்கிறது. என்னையும் என் கணவரையும்விட அதற்கு வயது கூட. தென்பகுதியில் கடை வைத்திருந்த அவருடைய ஒன்றுவிட்ட அண்ணர் கனடாவுக்குப் போகும்போது அவரிடம் விட்டுப் போனது. என் கணவர்தான் ஓடுவார். நான் பக்கத்தில் இருந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பிறகு சீனி வருத்தம் அவருடைய கண்ணைத் தொட்டது. ஒரு கண் போய்விட்டது, மற்றது அரைவாசி. இனி வாகனம் ஓட வேண்டாம் என்று கண் டொக்டர் சொல்லிவிட்டார். லைசன்ஸ் இருந்தது, கண்தான் இல்லை.

மாதம் ஒருமுறை அவரை யாழ்ப்பாணத்துக்கு, கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விடியற்காலையில் பஸ் எடுத்து, இறங்கி, ஆளுக்காள் இடிபட்டுப் போவது அவருக்குச் சரிவரவில்லை. அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் யாரையாவது கேட்க வேண்டும். அவர், "நீர் கேளும்" என்றார். நான், "நீங்கள் கேளுங்கோ" என்றேன். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள், கேட்பதைவிடக் கார் ஓடப் பழகுவது சுகம் என்று முடிவெடுத்தேன். லைசன்ஸுக்கு ஓடிக் காட்டுகிற ட்ரயலைப் பாஸ் பண்ணிவிட்டால் சாகும்வரை ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. அந்த ஒரு எண்ணம்தான் எனக்கு இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வெளி. மாடுகளைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. என் கணவர் இடப்பக்கச் சீற்றில் இருந்து சொல்லித் தந்தார். கிளச் எது, பிரேக் எது, கியர் எப்படி என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். ஸ்ரியரிங்கைப் பற்றி மட்டும் அவர் அதிகம் கதைக்கவில்லை. "உமக்கு எப்படி ஓடுதோ அப்படிப் பிடியும்" என்பார்.

எங்கள் காரின் ஸ்ரியரிங்குக்கு மூன்று கம்பிகள். இரண்டு பக்கவாட்டில், ஒன்று கீழே. கார் நேராக ஓட வேண்டுமானால் அதை முக்கால் சாண் அளவு இடப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போது கீழ்க் கம்பி என் வலது முழங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் வேறு எந்தக் காரின் ஸ்ரியரிங்கையும் கவனித்தது கிடையாது. கார் என்றால் இப்படித்தான் என்று நினைத்தேன். தையல் மெசினிலும் துணி நேராகப் போக வேண்டுமென்றால் கையை ஒரு பக்கமாகத்தானே வைக்கிறோம். மூன்று மாதத்தில் என் கைகள் அந்த முக்கால் சாணை மனப்பாடம் செய்துவிட்டன.

ட்ரயலுக்குச் சொந்தக் காரிலேயே போனோம். எங்கள் தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் கடல். நான் கீழ்க் கம்பியை முழங்காலுக்கு நேரே வைத்துக்கொண்டு அழகாக ஓடினேன். என் கணவர் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சோதனை செய்யும் அதிகாரி தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர். என் கணவரை மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் ஏறினார். கார் புறப்பட்டது. ஒரு கொஞ்சத் தூரத்தில் அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு றோட்டைப் பார்த்தார். பிறகு திரும்பவும் கைகளைப் பார்த்தார்.

"அம்மா, ஏன் இடப்பக்கம் திருப்பிறியள்?"

நான் திருப்பவில்லை என்றேன்.

"பின்னக் கை அங்கை என்ன செய்யுது? ஸ்ரியரிங்கை நேராப் பிடியுங்கோ."

அதிகாரி சொன்னால் செய்ய வேண்டும். நான் கீழ்க் கம்பியை நேரே கீழே கொண்டுவந்தேன். கார் வலப்பக்கம் போகத் தொடங்கியது. நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே ஒரு மரக்கறி லொறி வந்துகொண்டிருந்தது. லொறிக்காரர் ஹோனை அமத்திப் பிடித்துவிட்டார். அதிகாரி, "நேரா, நேரா" என்றார். நான் ஸ்ரியரிங்கை இன்னும் நேராகப் பிடித்தேன். கடைசியில் அவரே எட்டி ஸ்ரியரிங்கை இழுக்க, நாங்கள் ஒரு மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்நியர் ஒருவரிடம் அதுவரை நான் கேட்ட மிக நீளமான கேள்வி அதுதான். "ஐயா, ஸ்ரியரிங் நேரா இருக்கவேணுமோ, கார் நேராப் போகவேணுமோ? ரெண்டில எது வேணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டும் ஒண்டா நிக்கிற காரைக் கொண்டுவாங்கோ, அம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டு கிழமை கழித்து, பதினாலாம் நாள், திரும்ப வரச்சொல்லித் திகதி போட்டார்கள்.

மரத்தடிக்கு வந்து என் கணவரிடம், காரின் ஸ்ரியரிங் கோணலாம் என்று சொன்னேன். அவர் ஏமாற்றமடைவார், கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். நாலுபேர் பார்க்க அவர் என் கையைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை.

"அப்ப உமக்கும் அது கோணலாத்தான் தெரியுதோ?" என்றார்.

கதை அப்போதுதான் வெளியே வந்தது. வருத்தம் தொடங்கிய காலத்தில் ஒருநாள் அவர் காரை எடுத்தபோது ஸ்ரியரிங் சரிந்து தெரிந்ததாம். கண்தான் பழுதாகிக்கொண்டு வருகிறது, நேரான பொருள் கோணலாகத் தெரிகிறது என்று முடிவெடுத்து, எனக்குச் சொன்னால் பயப்படுவேன் என்று மறைத்துவிட்டார். டொக்டரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது கோணலாகத் தெரிகிறதா என்று டொக்டர் கேட்டிருக்கிறார். இவர், ஸ்ரியரிங் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார். டொக்டர் அதைக் கொப்பியில் எழுதிவைத்து, அடுத்த மாதமும் அதையே கேட்டிருக்கிறார். நான் ஓடப் பழகும்போது அவர் ஸ்ரியரிங்கைப் பார்க்காமல் கடலையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு வந்த காரணம் இதுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஸ்ரியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார். "நல்ல கோணல்" என்று இடைக்கிடை சொல்லிச் சந்தோசப்பட்டார்.

எப்போது கோணலானது என்று வீட்டுக்கு வந்து யோசித்தோம். ஒருமுறை ஹோன் அடிக்காமல் போய் ஸ்ரியரிங்கைக் கழற்றித் திருத்தியது நினைவுக்கு வந்தது. திருத்தியவர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற மெக்கானிக் அண்ணை. வள்ளங்களின் எஞ்சின்தான் அவருடைய தொழில். இந்தப் பக்கத்தில் காரென்று நிற்பதே சில என்பதால் கார்களையும் அவர்தான் பார்ப்பார்.

அவரிடம் காரைக் கொண்டுபோனோம். முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பாலத்தில் சோளகக் காற்றுக்கு எதிராகப் பிடித்து ஓடி எங்களுக்குக் கை பழகிவிட்டது, வாடைக் காற்று தொடங்கினால் சரியாகிவிடும் என்றார். காற்றே இல்லாத இடத்தில் ஓடிக் காட்டினோம். அப்போது இறங்கி வந்து, ஸ்ரியரிங்கின் உச்சியில் இருந்த பொட்டைத் தொடாமல் விரலால் காட்டினார். சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கச்சான் கடலை அளவுக்குத் தடித்த பொட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கணவர் அதே இடத்தில் புதிதாக வைப்பார்.

"இதுதானே மேல? நான் இதைப் பாத்துத்தான் பூட்டினனான்" என்றார்.

அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஸ்ரியரிங்கைக் கழற்ற முதல் அடையாளம் போட வேண்டும் என்று பார்த்திருக்கிறார். ஏற்கெனவே ஒரு அடையாளம் இருந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் நடு பார்த்து வைத்த அடையாளம் அது என்று நினைத்துவிட்டார். பூட்டிய பிறகு கம்பிகள் சரிந்து நின்றதை அவரும் கண்டிருக்கிறார். கம்பி இங்கிலாந்துக்காரன் வைத்தது, பொட்டு கோயிலில் வைத்தது, இரண்டில் எதை நம்புவது என்று யோசித்துக் கோயிலை நம்பியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கார் எங்களிடம் வந்த கிழமை பிள்ளையார் கோயிலில் பூசை செய்தோம். கோயில் முன்றலில் வலப்பக்கம் கேணி. கார் உருண்டு கேணிக்குள் போய்விடக்கூடாது என்று என் கணவர் முன்சக்கரச் சில்லுகளை இடப்பக்கம் ஒடித்து நிறுத்தினார். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தோம். ஐயர் உள்ளே குனிந்து ஸ்ரியரிங்கின் உச்சியில் பொட்டு வைத்தார். அந்த நேரத்தில் எது உச்சியாக நின்றதோ அதில் வைத்தார்; சில்லு நேரானதும் பொட்டு வலப்பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

நான் இதை என் கணவரின் காதுக்குள் சொன்னேன். அவர் தானே கண்டுபிடித்தது போல உரத்துச் சொன்னார். மெக்கானிக் அண்ணை தலையை ஆட்டிக் கேட்டார். ஆனால் கழற்ற மாட்டேன் என்றார்.

"நேராப் பூட்டினால் பொட்டு ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும், தம்பி. எங்கட சாமியெண்டால் நான் பேசிக்கொள்ளுவன். இது உங்கட சாமி. நாளைக்குக் கார் எங்கையும் கொண்டுபோய் அடிபட்டால் பழி எனக்கு."

பொட்டை அழித்துவிடுங்கள் என்று என் கணவர் சொன்னார். மெக்கானிக் அண்ணை தன் ஒயில் கைகளைக் காட்டி, இந்தக் கையாலா என்று கேட்டார். நீங்களே அழித்துவிடுங்கள் என்றார். என் கணவர் கையை நீட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். இருக்கிற அரைக்கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது? இரண்டுபேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் ட்ரயல் இருந்தது.

ஆகவே ஐயரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டார். தன்னில் பிழையில்லை என்பதில் உறுதியாக இருந்தார். "பொட்டை நான் பிள்ளையாருக்கு நேராத்தான் வைச்சனான். கார் என்ன கோலத்தில நிண்டதெண்டு நான் பாக்கேல்லை" என்றார். பொட்டு சரி, கார்தான் கோணல் என்பது அவருடைய தீர்ப்பு. எங்கே நின்றாலும் வைத்த பொட்டு வைத்த பொட்டுத்தான், தாராளமாகத் திருப்பலாம் என்றும் சொன்னார். அதை மெக்கானிக் அண்ணைக்கு ஃபோனில் சொல்லச்சொல்லி என் கணவர் கேட்டார். ஐயர் சொன்னார். அந்தப் பக்கத்தில் மெக்கானிக் அண்ணை தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு எழும்பி நின்று, "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று கேட்டதாகப் பிறகு அவருடைய மனைவி சொன்னார்.

அடுத்த நாள் காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார்கள். இப்போது எது நேர் என்ற பிரச்சினை வந்தது. சில்லு நேராக நிற்கும்போதுதான் ஸ்ரியரிங்கை நேராகப் பூட்ட வேண்டும். மெக்கானிக் அண்ணை முன்னால் போய்க் குந்தியிருந்து பார்த்து, நேர் என்றார். என் கணவர், தச்சன் பலகை பார்ப்பதென்றாலும் ஒரு கண்ணை மூடித்தான் பார்ப்பான், தனக்கு அந்த வேலை மிச்சம் என்று சொல்லிக் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் வலம் என்றார். மற்றவர் கொஞ்சம் இடம் என்றார். வள்ளத்தில் என்றால் நேர் என்று ஒன்று கிடையாது, போய்ச் சேருகிற இடம்தான் நேர் என்று மெக்கானிக் அண்ணை வாதாடினார். தபாற்கந்தோரில் முப்பது வருசம் வேலை செய்த என் கணவர், போய்ச் சேருகிற இடத்தைப் பற்றித் தனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். ஒரு மணித்தியாலம் போனது. சில்லு ஒரு விரல் இங்கேயும் ஒரு விரல் அங்கேயும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு துணியின் நடுவைக் கண்டுபிடிக்க நான் கண்ணால் பார்ப்பதில்லை. இரண்டு ஓரத்தையும் பிடித்து மடிப்பேன். நான் போய்க் கதவைத் திறந்து ஏறினேன். ஸ்ரியரிங்கை வலப்பக்கம் முட்டும்வரை திருப்பி, உச்சியில் தையல் சோக்கால் ஒரு கோடு போட்டேன். பிறகு இடப்பக்கம் முட்டும்வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணினேன். மிச்சத்தை அங்குலம் போட்ட இஞ்சி நாடாவால் அளந்தேன். எல்லாவற்றையும் பாதியாக்கி, அந்த இடத்துக்குத் திருப்பி நிறுத்தினேன்.

"இதுதான் நடு" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டுபேரும் வந்து குனிந்து பார்த்தார்கள். சில்லு இரண்டும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றன. மெக்கானிக் அண்ணை ஆயுதப் பெட்டியைத் திறந்தார். வள்ளத்தைத் தள்ளுகிற காற்றாடியைக் கழற்றுகிற ஆயுதத்தால் ஸ்ரியரிங்கை இழுத்தெடுத்து, கீழ்க் கம்பியைக் கீழே வைத்துப் பூட்டினார். பொட்டு வலப்பக்கம் முக்கால் சாண் தள்ளிப் போய் நின்றது. அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எந்தச் சாமிக்காக என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் சரி. காரை எடுத்தேன். நேராக வேலிக்குப் போனேன்.

என் கைகள் முக்கால் சாணை மறக்கவில்லை. பழைய இடத்துக்கே அவை தாமாக இடப்பக்கம் போயின. திருத்தினேன், திரும்பவும் போயின. அன்றைக்கு இரண்டு வேலி, ஒரு சாணிக் குவியல். அடுத்த நாள் பின்வெளியில் மாடுகள் என்னைக் கண்டதும் இடப்பக்கத்தை விட்டு எழும்பி வலப்பக்கம் போய்ப் படுத்தன. கோணல் காரில் நேராக ஓடியவள், நேரான காரில் கோணலாக ஓடினேன். ட்ரயலுக்கு நாலு நாள் இருந்தது. பேசாமல் பழையபடி பூட்டுவோமா என்று என் கணவர் கேட்டார். அதிகாரி இரண்டும் ஒன்றாக வேண்டும் என்று சொன்னவர். பழையபடி பூட்டினால் என்றைக்கும் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் மாதாமாதம் ஒரு படலையில் போய் நிற்க வேண்டும். அதை நினைத்ததும் கார்ச் சாவியை எடுத்தேன். திரும்பவும் வீட்டுப் பின்வெளிக்கே போனேன்.

ட்ரயல் அன்று காலை பண்ணைப் பாலத்தில் இரண்டு தடவை கடல் பக்கம் போனேன். என் கணவர் இரண்டு தடவையும் பிள்ளையாரைக் கூப்பிட்டார். இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அதிகாரி வருவதற்கு முன் சும்மா ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகளுக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் காரணம் என்று பட்டது. இவ்வளவு காலமும் பொட்டு மேலே நின்றால் கார் நேர். இப்போது மேலே வெறுமையாக இருந்தது. காருக்குள் இருந்த கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். என் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்தேன். ஸ்ரியரிங்கின் உச்சியில், நடுவில் ஒட்டினேன்.

அதே அதிகாரிதான் ஏறினார். ஸ்ரியரிங்கைப் பார்த்தார். பக்கத்தில் தடித்த சந்தனப் பொட்டு. உச்சியில் சின்னச் சிவப்புப் பொட்டு. என் நெற்றியில் ஒன்றுமில்லை. என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். போன தடவை நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, "எடுங்கோ" என்றார்.

நான் பொட்டை மேலே வைத்துக்கொண்டு ஓடினேன். திரும்பும்போது பொட்டு போனது, பிறகு வந்தது. வேறெதையும் நான் பார்க்கவில்லை என்றால் அது பொய்; றோட்டையும் பார்த்தேன். ஆனால் கைகள் பொட்டைத்தான் பார்த்தன. சுற்றி வந்து நிறுத்தியதும் அதிகாரி தாளில் ஏதோ எழுதினார். "கார் இப்ப நேர்" என்றார். நான் பாஸ் என்பதை அப்படித்தான் சொன்னார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வரும் வழியில், வேலணை தாண்டி, பஸ் தரிப்பிடத்தில் மெக்கானிக் அண்ணை நின்றார். கையில் ஒரு எஞ்சின் உதிரிப்பாகம், கடதாசியில் சுற்றியது, நல்ல பாரம் போல. பஸ் போய்விட்டிருந்தது. எங்கள் காரைக் கண்டதும் அவர் கையைத் தூக்கவில்லை. மற்றப் பக்கம் திரும்பி ஒரு பனையைப் பார்க்கத் தொடங்கினார். நான் நிறுத்தினேன்.

"ஏறுங்கோ, அண்ணை" என்றேன்.

"இல்லை தங்கச்சி, நான் காலாற நடக்கிறன்."

அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏறினார். நான் காரை எடுத்தேன். பின்னால் இருந்து அவர் எட்டி எட்டி ஸ்ரியரிங்கைப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"தங்கச்சி, இப்ப ரெண்டு பொட்டு நிக்குதே. இனிக் கழட்டினால் நான் எதை மேல வைக்கிறது?"

"சின்னதை, அண்ணை. அது நான் வைச்சது."

அவர் அதை யோசித்தார். இறங்குதுறை வரைக்கும் யோசித்தார். இறங்கும்போது என் கணவரிடம், ஐயரிடமும் ஒருக்கால் கேட்டுவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.